சறுக்குமரத்துக்கு வயதாகும்போது

அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கிறது மினசோட்டா மாநிலம். அதன் பெரிய நகரமான மினியாபொலிஸில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 9 டிகிரி செல்சியஸ். 2019 ஜனவரி 30 அன்று வெப்பநிலை மைனஸ் 33 வரை இறங்கியது. ஊஞ்சல் சங்கிலியை வெறுங்கையால் பிடிக்க முடியாத குளிர் அது. பூங்காக்கள் மாதக்கணக்கில் பனிக்கடியில் கிடக்க, நான்கு வயதுப் பிள்ளையோடு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்குப் போக்கிடம் வேண்டும். அதனால் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களைச் சுற்றியுள்ள புறநகர்களில் நகராட்சியே கூரைக்கடியில் விளையாட்டுக்கூடம் நடத்துவது புதுமையல்ல. ஈடைனாவில் எடின்பரோ பூங்கா இருக்கிறது. நியூ பிரைட்டனில் சமூகக்கூடத்துக்குள் ‘ஈகிள்ஸ் நெஸ்ட்’. மேப்பிள் குரோவில் ‘மேப்பிள் மேஸ்’. பிள்ளைகள் வலையேறி, குழாய்க்குள் தவழ்ந்து, சுருள் சறுக்கில் வழுக்கி இறங்கும்போது பெற்றோர் ஓரத்தில் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய கூடங்கள் பெருகியது 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும். அப்போது வாங்கிய சாதனங்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. நகர மன்றங்களின் முன் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கேள்வி வருகிறது: இதைப் பழுது பார்ப்பதா, கழற்றிவிட்டுப் புதிது வைப்பதா, அல்லது இந்த வேலையே நகராட்சிக்கு வேண்டாமென்று மூடிவிடுவதா? நிகழ்ச்சிநிரலில் இது ஒரு கொள்முதல் தீர்மானமாகத்தான் இருக்கும். சாலை போடும் தீர்மானத்துக்கும் தீயணைப்பு வண்டி வாங்கும் தீர்மானத்துக்கும் நடுவே பத்து நிமிடத்தில் கடந்துபோகும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் வானிலை, வரி, ஒப்பந்தச் சட்டம், குழந்தை உளவியல், ரசாயனம் எல்லாம் நிற்கின்றன.

குளிரிலிருந்து தொடங்குவோம். மூடிய கூரைக்கடியில் ஊர்வாழ்க்கை நடத்தலாம் என்ற எண்ணத்துக்கு ஈடைனாவே பிறந்தகம். வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூன் வடிவமைத்த சவுத்டேல் மால் 1956 அக்டோபர் 8 அன்று அங்கேதான் திறக்கப்பட்டது. முழுக்க மூடப்பட்டு, ஆண்டு முழுவதும் ஒரே இதமான வெப்பநிலையில் வைக்கப்பட்ட முதல் அமெரிக்கப் பேரங்காடி அது. நடுவில் செடிகளோடு ஒரு பெரிய முற்றம். க்ரூன் கனவு கண்டது கடைகளை மட்டுமல்ல. வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் சேர்ந்த ஓர் ஊர்மையம் உருவாகும் என்று நம்பினார். உருவானது கடைகளும் கார் நிறுத்துமிடமும்தான். பிற்காலத்தில் அமெரிக்க மால்களைத் தன் பிள்ளைகளாக ஏற்கவே அவர் மறுத்துவிட்டார். மினியாபொலிஸ் நகர மையத்தில் 1962இல் கட்டடங்களை மாடியில் இணைக்கும் மூடிய நடைபாலங்கள் வரத் தொடங்கின. 1992இல் பக்கத்து ஊரான ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா தன் வயிற்றுக்குள் ஏழு ஏக்கர் கேளிக்கைப் பூங்காவோடு திறந்தது.

இடையில் 1987இல் ஈடைனா நகராட்சி எடின்பரோ பூங்காவைத் திறந்தது. சுமார் ஓர் ஏக்கர் பரப்பு, கூரைக்கடியில். க்ரூன் விட்டுப்போன குறையை நகராட்சி தன்னால் ஆன மட்டும் நிரப்பியதாகவே இதை நான் பார்க்கிறேன்: சட்டையோ செருப்போ வாங்காமல் குழந்தையை ஓடவிடக்கூடிய ஓர் உள்ளிடம். ஆனால் நுழைவுக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் பின்னால் நிறைய சங்கடங்களைக் கொண்டுவரும்.

வலையும் குழாயும் பஞ்சுமெத்தையுமான இந்த விளையாட்டுச் சாதனத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கனடாவின் டொரன்டோவில் ஒன்டேரியோ பிளேஸ் என்ற ஏரிக்கரைப் பூங்காவில், 1972இல், எரிக் மெக்மில்லன் என்ற வடிவமைப்பாளர் ‘சிறுவர் கிராமம்’ ஒன்றை அமைத்தார். குதிக்க மெத்தை, ஏற வலை, குத்துவிட்டு விளையாடத் தொங்கும் மூட்டைகள். மென்விளையாட்டின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் சான் டியேகோவின் சீவேர்ல்டில் பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த குளத்தையும் அவர் கொண்டுவந்தார். அங்கிருந்து அது வணிகத்துக்குப் போனது. துரித உணவுக்கடைகள் இதைப் பிடித்துக்கொண்டன. 1989இல் கேன்சஸ் சிட்டியில் தொடங்கிய டிஸ்கவரி ஸோன் நிறுவனம் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் கிளை பரப்பி, 1996இல் திவாலானது. வேகமாக வளர்ந்து வேகமாகச் சாய்ந்த அந்தக் கதை நகர மன்றங்களுக்கு இரண்டு பாடம் சொன்னது. பெற்றோர் இதற்குப் பணம் கொடுப்பார்கள். அந்தப் பணம் மட்டும் போதாது.

மெக்மில்லன் தொடங்கியபோது அது கைவினை. 1990களில் அது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் சரக்கு. இரும்புக்குழாய்ச் சட்டம், அதன் மேல் நுரைப்பஞ்சு உறை, நைலான் வலை, வார்ப்பு பிளாஸ்டிக் சறுக்கு. எந்த ஊருக்குப் போனாலும் இதே நான்கும் வேறு வேறு வண்ணத்தில்.

இது எப்படிப் பழசாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மன்றத்தில் பேசுகிறவர்கள் ‘தேய்ந்துவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். இரும்புச் சட்டம் எளிதில் சாகாது. கூரைக்கடியில் மழையும் வெயிலும் இல்லாததால் அது முப்பது ஆண்டுகூட நிற்கும். முதலில் போவது வலை. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இழுத்து அதன் கண்ணிகள் தளரும். அடுத்தது மெத்தை. நம் ஊரில் ரெக்ஸின் என்கிறோமே, அந்த மாதிரி வினைல் துணி படிக்கட்டு முனைகளில் முதலில் வெடிக்கும். வெடித்த இடத்தில் டேப் ஒட்டுவார்கள். டேப்பின் ஓரத்தில் அழுக்கு சேரும். கிழிந்த உறைக்குள் நுரைப்பஞ்சு வியர்வையையும் சிந்திய பழச்சாற்றையும் உறிஞ்சிக்கொண்டால் எந்தக் கிருமிநாசினியும் உள்ளே எட்டாது. பல இடங்களில் பந்துக்குளத்தை எடுத்துவிட்டதற்கும் துப்புரவுதான் பெரிய காரணம். ஒவ்வொரு பந்தையும் கழுவிக் காயவைக்க வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

உடம்பு தாங்கினாலும் உதிரிபாகம் கிடைக்காமல் போகும். இந்தத் தொழிலில் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய சறுக்கின் இணைப்பு வளையம் இன்றைய பட்டியலில் இருக்காது. ஒரு நிறுவனத்தின் குழாய் இன்னொன்றின் குழாயோடு பொருந்தாது. உடைந்த ஒரு துண்டுக்காக ஒரு மூலையையே பலகை வைத்து அடைப்பார்கள். கொஞ்சநாளில் அடைத்த மூலைகள் இரண்டு, மூன்றாகும்.

பிறகு சட்டம். பொருள் அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள விதிகள் மாறிவிடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கான கையேட்டை 1981இல் வெளியிட்டது. அது 1991, 1997, 2010 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தத் திறப்பும் கூடாது என்பது அதில் ஒரு விதி. குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. விழுந்தால் தலையில் எவ்வளவு அதிர்ச்சி ஏறலாம் என்று தரைக்குத் தனி அளவுகோல் உண்டு. மூடிய மென்விளையாட்டுச் சாதனங்களுக்கு என்றே ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் தனித் தரம் 1990களின் கடைசியில் வந்தது. 2008இல் நிறைவேறிய நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் சிறுவர் பொருட்களில் ஈயத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 2011 ஆகஸ்டில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்று நிறுத்தியது. 2003இல் வாங்கிய வினைல் உறைக்கு அந்தச் சோதனை நடந்திருக்க வாய்ப்பில்லை. மினசோட்டாவுக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. அழியா ரசாயனங்கள் எனப்படும் பிஃபாஸ் வகைகளைத் தயாரித்த 3எம் நிறுவனத்தின் தலைமையகம் இங்குதான். நிலத்தடி நீர் கெட்டதற்காக அந்நிறுவனம் 2018இல் மாநிலத்தோடு 85 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2023இல் இயற்றப்பட்ட ‘அமாரா சட்டம்’ 2025 ஜனவரி 1 முதல், கம்பளம், சிறுவர் பொருட்கள் உள்ளிட்ட பதினோரு வகைப் பொருட்களில் இந்த ரசாயனங்களைத் தெரிந்தே சேர்ப்பதைத் தடை செய்தது. இன்று புதுக் கூடத்துக்கு விரிப்பும் மெத்தையும் வாங்கும் அதிகாரி இதையெல்லாம் கேட்டாக வேண்டும்.

ஆக, ஒரு சாதனத்தின் ஆயுளை விற்பனையாளர் சொல்லும் ஆண்டுக்கணக்கை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வலை ஐந்தாறு ஆண்டில் போகலாம், இரும்புச் சட்டம் முப்பதைத் தாண்டலாம், சட்டப்புத்தகம் நடுவில் எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடலாம். இதைப் பிரித்துக் கேட்காத மன்றம் முழுவதையும் இடித்துவிட்டு முழுவதையும் வாங்கும். விற்பவருக்கு அதுதான் வசதி.

இனி பணம். கட்டுரையின் கனம் இங்கேதான்.

திறப்புவிழாவுக்குப் பணம் கிடைக்கும், இருபதாம் ஆண்டுக்குக் கிடைக்காது. இது அரசியல்வாதிகளின் குணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிதி விதிகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மினசோட்டாவில் வீட்டுமனை பிரித்து விற்பவர்களிடம் நகராட்சி பூங்காவுக்கென்று நிலமோ பணமோ வாங்கலாம். அந்தப் பணத்தைப் பூங்கா உருவாக்கவும் மேம்படுத்தவும் செலவிடலாம், அன்றாட நடத்தலுக்கும் பராமரிப்புக்கும் தொடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. கடன்பத்திரம் வெளியிட்டால் அதுவும் மூலதனச் செலவுக்குத்தான், சம்பளத்துக்கு அல்ல. 2008இல் மாநில வாக்காளர்கள் ஏற்ற ‘லெகசி’ அரசியல் சட்டத் திருத்தம் விற்பனை வரியில் எட்டில் மூன்று சதவீதத்தைக் கூட்டியது. அதில் 14.25 சதவீதம் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் போகிறது. ஆனால் மாநில அளவிலோ வட்டார அளவிலோ முக்கியமானவற்றுக்கு மட்டும். ஒன்றிய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு 2020 முதல் ஆண்டுதோறும் 90 கோடி டாலர் உறுதி. அது திறந்தவெளிக்கானது. சமூகக்கூடத்துக்குள் இருக்கும் குழந்தைகளின் வலைக்கோபுரத்தின் பராமரிப்பு இந்த எதிலும் சேராத அநாதை.

பிறகு எப்படி நடக்கிறது? ஈடைனாவின் வழி சுவையானது. எடின்பரோ போன்ற இடங்களை நகராட்சி ஒரு தொழில் போலத் தனிக்கணக்கில் வைக்கும். கட்டணம், பிறந்தநாள் விழா வாடகை இவற்றிலிருந்து வருவதை அங்கேயே செலவிடும். போதாததற்கு நகராட்சியின் மதுக்கடை லாபம் கைகொடுக்கும். மினசோட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் சொந்தமாக மதுக்கடை நடத்துகின்றன. ஈடைனாவும் அவற்றில் ஒன்று. அந்த லாபம் பூங்கா, கேளிக்கை வசதிகளுக்குப் போகிறது. டாஸ்மாக் வருமானத்தைப் பற்றித் தினமும் சண்டை போடும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளின் சறுக்குக்கும் பெரியவர்களின் புட்டிக்கும் இடையே கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு ஓடுகிறது, அவ்வளவுதான்.

தனிக்கணக்கு முறையில் ஒரு நல்லது உண்டு: எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று ஊருக்குத் தெரியும். கெட்டதும் உண்டு. தேய்மானத்தைப் புத்தகத்தில் எழுதுவார்கள், ஆனால் அந்தத் தொகையை ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருபது ஆண்டு தேய்மானம் காகிதத்தில் ஒழுங்காக இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. 2020 மார்ச்சில் ஆளுநரின் ஆணைப்படி பொது இடங்கள் மூடப்பட்டபோது கட்டணத்தை நம்பியிருந்த கூடங்களுக்கு ஒரே நாளில் வரவு நின்றது. இன்னொன்று, கட்டணத்தில் நடக்கும் இடம் கட்டணம் தருபவருக்காகவே தன்னை வடிவமைத்துக்கொள்ளும். பிறந்தநாள் விழாவுக்கு அறை கூடும். தினமும் வரும் ஏழைத்தாய்க்கு நேரம் குறையும். வெளியில் உள்ள பூங்கா எல்லோருக்கும் இலவசம். அதே நகராட்சியின் உள்பூங்காவில் தலைக்கு இத்தனை டாலர். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் உறைக்கும். உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு ஒரு விலை என்று வைப்பதும் வழக்கம். வரி கட்டுகிறவர் யார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. விளையாட வருகிறவர் யார் என்ற கேள்விக்குச் சொல்லவில்லை.

பணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்குவது எப்படி? மினசோட்டாவில் நகராட்சி 1,75,000 டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டால் மூடிமுத்திரையிட்ட டெண்டர் கோர வேண்டும். சிமெண்ட் குழாய்க்கு இது சரி. இத்தனை விட்டம், இத்தனை நீளம், யார் குறைவு என்று பார்க்கலாம். விளையாட்டுச் சாதனத்துக்கு விவரக்குறிப்பு எப்படி எழுதுவது? எவ்வளவு மகிழ்ச்சி வேண்டும் என்று எழுத முடியாது. அதனால் பல நகராட்சிகள் தலைகீழாகக் கேட்கின்றன: எங்களிடம் இவ்வளவுதான் பணம், இந்தக் கூடத்தின் உயரமும் அகலமும் இவ்வளவு, இதற்குள் நீங்கள் தரக்கூடிய சிறந்தது எது? நிறுவனங்கள் வண்ணப்படங்களோடு வரும். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பிடித்த படத்தில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார்கள். குறுக்குவழி ஒன்றும் உண்டு. மினசோட்டாவின் ஸ்டேப்பிள்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் சோர்ஸ்வெல் என்ற கூட்டுறவுக் கொள்முதல் அமைப்பு நாடு முழுவதற்கும் முன்கூட்டியே டெண்டர் விட்டு விலை பேசி வைத்திருக்கிறது. அதில் சேர்ந்த நகராட்சி தனியாக டெண்டர் விடாமல் நேரே வாங்கலாம்.

நேரம் மிச்சம், தகராறு இல்லை. விளைவு, ஊருக்கு ஊர் ஒரே பட்டியலிலிருந்து ஒரே கோபுரம். ஸ்டிக்கர் ஓட்டெடுப்பைப் பற்றியும் எனக்குச் சந்தேகம்தான். மூன்று படங்களில் எந்த மரத்துக்கு முகம் வரைந்திருக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் தேர்வு செய்கிறார்கள். முகம் வரைந்த மரத்தில் இரண்டாம் முறை ஏறும்போது அது வெறும் ஏணி. ஏற்கெனவே இருக்கும் கூடத்தில் எந்த மூலையில் பிள்ளைகள் கூடுகிறார்கள், எந்தக் குழாய் காலியாகக் கிடக்கிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் படம் காட்டிக் கேட்பதைவிட அதிகம் தெரியும். பழைய கூடத்தை இடிப்பதற்கு முன் அதை ஒரு சாட்சியாக விசாரிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய சண்டை பெரியது. புதிது வைத்தால் காயம் குறையுமா? குறையும் என்பதற்கு நல்ல சான்று டொரன்டோவில் உண்டு. 2000ஆம் ஆண்டில், புதிய கனடியத் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று நூற்றுக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளிலிருந்து விளையாட்டுச் சாதனங்களைப் பிடுங்கினார்கள். 2005இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, மாற்றிய பள்ளிகளில் காயவீதம் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் பிடுங்கிய வேகத்தில் புதிது வரவில்லை. பிள்ளைகள் வெறும் தார்த்தரையில் நின்றார்கள். பிரிட்டனில் ஆய்வாளர் டேவிட் பால் 2002இல் பணியிடச் சுகாதார, பாதுகாப்பு அமைப்புக்காக எழுதிய அறிக்கையில், ரப்பர்த் தரைக்குக் கொட்டும் பணத்துக்கு ஏற்ற பலன் கிடைக்கிறதா என்று கேள்வி எழுப்பினார். இரண்டுக்கும் முரண் இல்லை. தலை மாட்டும் இடைவெளி, துருத்திய ஆணி, உடைந்த படி ஆகியவை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள். அவற்றை நீக்கத்தான் வேண்டும். உயரம் வேறு. அது கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளை அதை அளந்து பார்த்துத்தான் ஏறுகிறது.

நார்வேயின் ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007இல் துணிவு விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவி, நீர் நெருப்பு போன்ற ஆபத்தான சூழல், கட்டிப்புரளல், தொலைந்துபோதல். பயத்தைச் சிறுகச் சிறுகச் சந்தித்துத்தான் பிள்ளை அதைக் கடக்கிறது என்று 2011இல் லீஃப் கென்னேயரோடு சேர்ந்து வாதிட்டார். உள்ளரங்க மென்விளையாட்டை இந்த ஆறோடு ஒப்பிட்டால் கருவியும் நெருப்பும் இல்லை. உயரம் உண்டு, வலைபோட்ட உயரம். வேகம் உண்டு. பழைய குழாய்க் கோபுரங்கள் ஒன்றைத் தாராளமாகக் கொடுத்தன, தொலைந்துபோதல். மூடிய குழாய்க்குள் நுழைந்த பிள்ளை எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவின் படபடப்பும் பிள்ளையின் பரவசமும் ஒரே குழாயிலிருந்துதான் வந்தன. இப்போது வரும் வடிவமைப்புகளில் பார்வை மறையாமல் எல்லாம் வலையாகவும் ஒளிபுகும் தகடாகவும் திறந்திருக்கின்றன. பெற்றோர் புகாரைக் கேட்டுச் செய்த மாற்றம். பாதுகாப்பான பழைய சுகம் ஒன்றைத்தான் இது பறித்திருக்கிறது என்பேன். ஒரு குழாயையாவது இருட்டாக விடலாம்.

மாற்றுத்திறன் குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கறாராகத் தோன்றினாலும் கஞ்சத்தனமானது. 2012 மார்ச் 15 முதல் கட்டாயமான அணுகல் தரநிலைகள், மூடிய மென்விளையாட்டுச் சாதனத்துக்கு மூன்று நுழைவுகள் வரை இருந்தால் ஒன்றுக்கு, அதற்கு மேல் இருந்தால் இரண்டுக்கு, சக்கர நாற்காலி எட்டும் வழி வேண்டும் என்கின்றன. நுழைவாயில் வரை. அதற்கப்பால் பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கித் தவழ வேண்டும். சட்டத்தை முழுதாகப் பின்பற்றிவிட்டோம் என்று அறிக்கை எழுதும் நகராட்சியில் அந்தப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தரைமட்டத்திலேயே செய்ய நிறைய வைத்தால் இது பாதி தீரும். இரைச்சல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணிநேரம் கூட்டத்தைக் குறைத்து ஒதுக்குவதற்குச் சாதனமே வாங்க வேண்டாம்.

வயதாகாத விளையாட்டிடம் ஒன்று உண்டா? உண்டு. 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவே, டென்மார்க்கின் கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில் நிலத்தோற்றக் கலைஞர் சி. டி. சோரன்சன் ஒரு பழஞ்சாமான் திடல் அமைத்தார். பலகை, செங்கல், கயிறு, மண்வெட்டி. பிள்ளைகளே கட்டினார்கள், பிள்ளைகளே இடித்தார்கள். கூடவே இருக்க ஜான் பெர்டெல்சன் என்ற பெரியவர். இதைப் பார்த்துவிட்டு வந்த ஹர்ட்வுட் பிரபுவம்மையார் ஆலன் போருக்குப் பிந்திய லண்டனில் குண்டு விழுந்த மனைகளில் இதையே செய்ய இயக்கம் நடத்தினார். எம்ட்ரப் திடல் இன்றும் இருக்கிறது. அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்காகக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு திடல்களை வடிவமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் மிக அழகிய விளையாட்டுத் திடல்கள் அவை. மணற்குழி, வளைகம்பி, கல். மிகச் சிலவே பழைய வடிவில் மிஞ்சியிருக்கின்றன. மேதை வடிவமைத்த பொருளுக்கும் வயதானது, பிள்ளைகள் ஆணியடித்த குடிசைக்கு ஆகவில்லை. ஏனென்றால் அங்கே மாற்றிக் கட்டுவதே விளையாட்டு.

அமெரிக்க நகராட்சிக்கு வழக்கு பயம், இதெல்லாம் நடக்காது என்பார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகராட்சி 1979 முதல் கடற்கரையோரத்தில் இப்படியொரு திடலை நடத்துகிறது. கீழே கிடக்கும் ஆணியையும் சிராயையும் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் பிள்ளைக்குச் சுத்தியலும் ரம்பமும் கிடைக்கும்.

கூரைக்கடியில் ரம்பம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். நகர்த்தக்கூடிய பொருட்கள்தான் பிள்ளைகளின் படைப்புக்குத் தீனி என்று சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதினார். நியூயார்க்கில் 2010இல் கட்டடக் கலைஞர் டேவிட் ராக்வெல் வடிவமைத்துத் திறந்த ‘இமாஜினேஷன் பிளேகிரவுண்ட்’ அதை நீலநிற நுரைக்கட்டைகளாக மாற்றிக் காட்டியது. பெரிய கட்டைகள், வளைவுகள், உருளைகள். கோபுரத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் தரையில் இவற்றைக் குவித்து, பிள்ளைகளோடு இருக்க ஓர் ஆளைப் போட்டால் கூடம் வாரந்தோறும் வேறு கூடமாகும். கட்டை உடைந்தால் ஒரு கட்டை வாங்கலாம், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

தடை எங்கே வருகிறதென்றால், அந்த ஓர் ஆளிடம். கட்டையைக் கடன்பத்திரத்தில் வாங்கலாம், ஆளின் சம்பளத்தை முடியாது. எனவே ஆள் செய்யக்கூடிய வேலையையும் சாதனத்தின் தலையில் கட்டி, இன்னும் உயரமான, இன்னும் விலையுயர்ந்த கோபுரமாக வாங்குகிறார்கள். மூலதனக் கணக்குக்கும் நடப்புக் கணக்குக்கும் நடுவில் நிற்கும் சுவர்தான் இந்தக் கூடங்களின் உண்மையான வடிவமைப்பாளர். மாநிலச் சட்டமன்றம் நினைத்தால் அந்தச் சுவரில் ஒரு சன்னல் வைக்கலாம். நகர மன்றம் தானே செய்யக்கூடியதும் உண்டு. புதுக்கூடம் திறக்கும் அன்றே, நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கைத் தொடமுடியாத மாற்றுநிதியாக எடுத்துவைக்கத் தீர்மானம் போடலாம். நடப்புப் பணத்தில் ஒரு பராமரிப்பாளரையும் ஒரு விளையாட்டுத் துணையாளரையும் நிரந்தரமாக்கலாம். மூலதனத்தில் அதற்கு ஈடாக ஒரு தட்டைக் குறைக்கலாம்.

தனியார் கூடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கும்போது நகராட்சிக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. கேள்வி நியாயமானது. தாவுமெத்தை அரங்குகள் பெரிய பிள்ளைகளைக் கவர்ந்துவிட்டன. ஆனால் மூன்று வயதுக்காரருக்கும் குழந்தைக் காப்பகக் குழுக்களுக்கும் குறைந்த கட்டணத்தில் இடம்தருவது லாபக்கணக்குக்கு ஒத்துவராத வேலை. டிஸ்கவரி ஸோன் போல ஒருநாள் கதவடைத்துவிட்டுப் போகும் உரிமை தனியாருக்கு உண்டு. பனிக்காலத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கு இடமிருக்க வேண்டும் என்று நினைத்தால் நகராட்சி நடத்தட்டும். தனியார் கோபுரத்தோடு உயரப்போட்டி போடுவதற்காக என்றால் நடத்த வேண்டாம்.

கழற்றியதை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை. வெளித்திடல் சாதனங்களை இல்லினாயின் ராக்ஃபோர்டில் உள்ள ‘கிட்ஸ் அரவுண்ட் தி வேர்ல்ட்’ போன்ற தொண்டு நிறுவனங்கள் பிரித்தெடுத்துப் புதுப்பித்து வேறு நாடுகளில் நிறுவுகின்றன. உள்ளரங்கச் சாதனம் அந்தக் கூடத்தின் தூணுக்கும் உத்தரத்துக்கும் அளவெடுத்துச் செய்தது, வேறெங்கும் பொருந்தாது. இரும்பு பழைய இரும்பு விலைக்குப் போகும். வினைலும் நுரைப்பஞ்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் குப்பைமேட்டுக்குத்தான். டெண்டரிலேயே, பிரிக்கக்கூடிய உறை, தனியாக மாற்றக்கூடிய பஞ்சு என்று கேட்டால் அடுத்த முறைக்காவது இது குறையும்.

கடைசியாகக் காலம். இந்த வேலையைக் கோடையில்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் வெளியில் இருக்கும்போது. டொரன்டோ செய்த தவறு மாற்று வருவதற்கு முன் பிடுங்கியது. சாதனம் அளவுக்குச் செய்து, அனுப்பி, பொருத்திச் சோதிக்க மாதங்கள் ஆகும். ஜூனில் கழற்ற வேண்டுமானால் முந்தைய குளிர்காலத்துக்குள் மன்றம் கையெழுத்திட்டாக வேண்டும். கூடம் நிரம்பி வழிவதும் அப்போதுதான். உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்து ஓட்டுப் போடலாம், நுழைவுச்சீட்டை அவர்களே வாங்கட்டும்.